பிரிக்பீல்ட்ஸ் என்று ஒரு செலவு

எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டில் வீட்டுக்கடன், மின்சாரம், தண்ணீர், மளிகை, மருந்து, காப்புறுதி, கோயில் என்று இறங்கிவரும் வரிகளுக்கு நடுவே ‘பிரிக்பீல்ட்ஸ்’ என்று ஒரு வரி உண்டு. அது வெள்ளிக்கிழமை மாலைச் செலவு. நானும் என் கணவரும் தலைநகரில் வேலை முடித்து, துன் சம்பந்தன் சாலையில் சந்தித்து, ஆளுக்கொரு தே தாரிக்கும் வடையும் வாங்கிக்கொள்வோம். சில வாரம் மூங்கிலில் அவித்த புட்டு. தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் போட்டு ஆவி பறக்கத் தருவார்கள். பிறகு அவர் ஒரு முழம் மல்லிகை வாங்கிக் கொடுப்பார். அங்கிருந்து சென்ட்ரல் வரை நடந்து கிள்ளான் ரயிலைப் பிடிப்போம். மாதத்துக்கு இந்த வரிக்கு எண்பது வெள்ளி. அதற்கு மேல் ஏற்றுவதில்லை. எவ்வளவு நெருக்கடி வந்தாலும் இறக்குவதும் இல்லை.

இறக்காமல் இருப்பதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

பணம் முட்டும்போது முதலில் அடிக்க வேண்டியது இப்படிப்பட்ட வரிகளைத்தான் என்று சிக்கனப் பேச்சாளர்கள் சொல்கிறார்கள். ஒரு தேநீரை விட்டால் ஆண்டுக்கு இவ்வளவு மிச்சம், இருபது ஆண்டில் வட்டியோடு இவ்வளவு என்று பெருக்கிக் காட்டுகிறார்கள். பெருக்கல் சரிதான். ஆனால் அந்த வரியை அடித்துவிட்டால் மற்ற வரிகளைப் பற்றிப் பேச நாங்கள் இருவரும் எங்கே போய் உட்காருவது? மகளை எந்தக் கல்லூரிக்கு அனுப்புவது, மாமியாரின் கண் அறுவைக்கு அரசாங்க மருத்துவமனையில் காத்திருப்பதா தனியாரிடம் போவதா, பழைய காரை இன்னும் எத்தனை காலம் ஓட்டுவது என்ற எல்லாமே அந்தத் தேநீர் மேசையில் முடிவானவை. வீட்டில் இதையெல்லாம் பேச முடியாது. வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் வேலையாகிவிடுவோம். குரல் உயர்ந்தால் பிள்ளைகளுக்குக் கேட்கும். கடையில் நாலு பேர் நடுவில் உட்கார்ந்திருக்கும்போது இருவருமே நிதானமாகப் பேசுகிறோம்.

இது எனக்கு அம்மாவிடமிருந்து வந்த பழக்கம். அம்மாவிடம் கணக்கு நோட்டு கிடையாது. மைலோ டின்கள் இருந்தன. எங்கள் தோட்டம் காப்பார் போகும் பக்கம், ரப்பர்த் தோட்டம். லயத்து வீட்டின் அடுப்படிக்கு மேலே ஒரு பலகையில் அந்த டின்கள் வரிசையாக நிற்கும். கடைப்பற்றுக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, திருவிழாவுக்கு ஒன்று, கூட்டுக்கு ஒன்று. கடைசியில் இருந்த சின்ன டின் கிள்ளானுக்கு.

பால்மரம் வெட்டுகிறவர்களின் வரவு எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அந்தச் சின்ன டின்னின் அருமை விளங்கும். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். மழை பெய்து மரம் நனைந்திருந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. ஆண்டுக் கடைசியில் அடைமழை. ஆண்டுத் தொடக்கத்தில் மரங்கள் இலை கொட்டும், பால் வற்றும். எந்த மாதம் எவ்வளவு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத வரவை வைத்துக்கொண்டு, மாதாமாதம் தவறாமல் வருகிற செலவுக்கு ஈடு கொடுக்க வேண்டும். இன்றைக்கு மாதச் சம்பளக்காரர்களுக்குச் சொல்லித்தரப்படும் எந்தத் திட்டத்தையும்விடக் கடினமான கணக்கு அது. பள்ளிக்கூடம் பார்க்காத பெண்கள் அதை மனத்திலேயே போட்டார்கள். மழை மாதங்களில் அம்மாவின் டின்கள் ஒன்றிடம் ஒன்று கடன் வாங்கும். திருவிழாக் காசு கடைப்பற்றுக்குப் போகும், பள்ளிக்கூடக் காசு கூட்டுக்குப் போகும். கிள்ளான் டின்னிலிருந்து மட்டும் யாரும் எடுக்கக் கூடாது. அப்பா ஒருமுறை கேட்டபோது, “அது எடுக்கிற காசு இல்லீங்க” என்றார் அம்மா. அதற்கு மேல் பேச்சில்லை.

சம்பளம் போட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பசியாறிவிட்டு, பஸ் ஏறிக் கிள்ளானுக்குப் போவோம். தெங்கு கிளானா சாலையில் இன்றைக்கு இருக்கிற நகைக்கடைகளும் புடவைக் கடைகளும் அன்று இவ்வளவு இல்லை. அஞ்சடியில் பூக்கட்டுகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கச்சாங் பூத்தே விற்பவர் காகிதத்தைச் சுருட்டிக் கடலையை அள்ளிப் போடுவார். எங்களுக்கு ஒரு தட்டு ஐஸ் கச்சாங், கரண்டிகள் ஆளுக்கொன்று. அக்காவுக்கும் எனக்கும் ரிப்பன். அப்பாவுக்குத் தமிழ் நேசன் ஞாயிறு பதிப்பு; அந்தப் பத்திரிகை 1924இல் தொடங்கி 2019 வரை வந்தது, எங்கள் லயத்தில் ஒரு பிரதியைப் பத்து வீடு படிக்கும். அம்மா தனக்கென்று வாங்கியது பூ மட்டும். நினைத்துப் பார்த்தால் பெரிய செலவே இல்லை.

ஆனால் நான் அங்கே பார்த்தது வேறொன்று. தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து நான் பார்த்ததே இல்லை. காலையில் அவரவர் நிரைக்குப் பிரிந்து போவார்கள். பால் வாளியோடு ஸ்டோருக்கு வரும்போது அம்மா பெண்களோடு வருவார், அப்பா ஆண்களோடு. வீட்டுக்கு வந்தால் தண்ணீர், விறகு, சமையல். கிராணியும் கங்காணியும் அக்கம்பக்கமும் பார்த்துக்கொண்டே இருக்கிற இடத்தில் கணவன் மனைவிக்கென்று ஒரு நேரம் கிடையாது. கிள்ளானில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு அப்பாவின் பக்கத்துக்கு வந்துவிடுவார். இருவரும் ஏதோ பேசிக்கொண்டே போவார்கள். பிள்ளைகள் நாங்கள் பின்னால் வருவோம். அவர்கள் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மா சிரித்துக்கொண்டு நடந்தது தெரியும். அந்த டின் அவர்களுக்கு அதைத்தான் வாங்கிக் கொடுத்தது. அந்த ஓர் அரைநாளுக்காகத்தான் அம்மா மற்ற நாட்களில் அரிசியை அளந்து போட்டார் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

தோட்டத் தமிழனுக்குச் சேர்த்து வைக்கத் தெரியாது, வந்ததைக் குடித்தும் திருவிழாவில் கரைத்தும் விடுவான் என்று ஒரு பேச்சு நெடுங்காலமாக இருக்கிறது. வெள்ளைக்காரத் துரைகள் சொன்னது. பிறகு நம்மவர்களே மேடையில் சொல்லிச் சொல்லி நிலைக்க வைத்தது. எனக்கு இதைக் கேட்டால் கோபம்தான் வருகிறது. குடியிருப்புக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடை வைக்க உரிமம் கொடுத்த ஏற்பாட்டைப் பற்றிப் பேசாமல் குடித்தவனைப் பற்றி மட்டும் பேசுவது நேர்மை ஆகாது. அந்தக் கடையை மூடச் சொல்லிப் போராடியவர்களும் இதே கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள்தாம். 1941இல், தமிழ் நேசனில் துணையாசிரியராக இருந்த ஆர்.எச். நாதன் போன்றவர்கள் முன்னின்ற வேலைநிறுத்தம் கிள்ளான் தோட்டங்களில் பரவியது. சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி, மருத்துவ வசதி, பெண்களிடம் அத்துமீறாமை, உறவினர்கள் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை, கள்ளுக்கடையை மூடுவது எல்லாம் அவர்களுடைய கோரிக்கைகள். நாதன் கைதானார். சிலாங்கூரில் அவசரநிலை வந்தது, படை வந்தது, உயிர்கள் பலியாயின.

அந்தக் கோரிக்கைப் பட்டியலை எப்போது படித்தாலும் அது ஒரு குடும்பம் உட்கார்ந்து எழுதியதாகவே எனக்குத் தோன்றும். கூலி உயர வேண்டும், கள்ளுக்கடை போக வேண்டும் என்ற இரண்டும் ஒரே கணக்கின் வரவும் செலவும். உறவினர் வந்துபோக வேண்டும் என்பது வீட்டுக்கு வேண்டிய சந்தோஷம். பிள்ளைக்குப் படிப்பு என்பது சேமிப்பு. இதையெல்லாம் எழுதிக் கேட்டவர்களைச் சிக்கனம் அறியாதவர்கள் என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு சான்றும் இருக்கிறது. அதன்மேல்தான் நாங்கள் வெள்ளிக்கிழமைதோறும் நடக்கிறோம். நான் சிறுமியாக இருந்தபோது துன் சம்பந்தன் சாலைக்குப் பிரிக்பீல்ட்ஸ் ரோடு என்றே பெயர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டு, தொழிலாளர்கள் வேலையும் வீடும் ஒருசேர இழந்துகொண்டிருந்த காலத்தில், அமைச்சராக இருந்த வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டந்தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிக்குப் பங்கு எடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்று கேட்டார். நாள் கூலியில் வாழ்ந்தவர்களுக்குப் பத்து வெள்ளி என்பது என்ன என்று அம்மாவின் டின்களைப் பார்த்த எனக்குத் தெரியும். அவர்கள் கட்டினார்கள். சங்கம் தோட்டங்களை வாங்கியது. துரையின் தோட்டத்தில் கூலியாக இருந்தவர் இன்னொரு தோட்டத்தில் பங்குதாரர் ஆனார். அப்பாவின் பங்குச் சான்றிதழைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. சிக்கனம் தெரியாத சமூகத்தின் காசு இல்லை அது. அந்த மனிதரின் பெயரைத் தாங்கிய சாலையில் பூவும் வடையும் வாங்குகிறோம் என்பது எனக்குப் பெருமை.

கடனில் விழுவதற்கு அரசாங்க ஊழியர்களும் விலக்கில்லை. மாதச் சம்பளம் வாங்கிய குமாஸ்தாக்களே வட்டிக்கடைகளில் சிக்கித் தவித்த காலத்தில், 1922இல், கூட்டுறவுச் சட்டம் வந்தது. இந்நாட்டில் பதிவான முதல் சங்கம் தபால் தந்தி ஊழியர்களுடைய சிக்கன நாணயச் சங்கம்.

கூட்டு பற்றிச் சொல்லாமல் எங்கள் பெண்களின் கணக்கு முடியாது. பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் இவ்வளவு என்று கட்டி, முறைவைத்து ஒருவர் மொத்தமாக எடுப்பது. ஏமாற்றுக்காரர்கள் பெருகியதால் 1971இலேயே கூட்டுத் தொழிலைத் தடைசெய்து சட்டம் போட்டுவிட்டார்கள். தடையில் நியாயம் இருக்கிறது. கட்டிய காசை இழந்து அழுத பெண்களை எனக்குத் தெரியும். நானும் என் மகளிடம் கூட்டு வேண்டாம் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனாலும் லயத்தில் அம்மாவின் கூட்டு எங்களுக்குத் தையல் இயந்திரம் தந்தது, அக்காவின் கல்யாணத்துக்குத் தோடு தந்தது. கூட்டுக் காசு கொடுக்க வருகிற பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவார்கள். வங்கிக்குப் போய்ப் பணம் கட்டுகிறவர்களுக்கு அந்தப் பேச்சு கிடைப்பதில்லை.

எங்கள் தோட்டம் இப்போது இல்லை. கிள்ளானைச் சுற்றியிருந்த தோட்டங்களில் பல வீடமைப்புப் பகுதிகள் ஆகிவிட்டன. புக்கிட் ராஜா தோட்டம் ஒரு நகரமாகிவிட்டது. நார்த் ஹம்மாக் தோட்டம் இருந்த இடம் செத்தியா ஆலாம். பிரிக்பீல்ட்ஸும் மாறியது. ரயில்வே ஊழியர்களின் நூறு வீட்டுக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. 2001இல் சென்ட்ரல் நிலையம் திறந்தது, 2010 அக்டோபரில் மலேசிய, இந்தியப் பிரதமர்கள் வந்து லிட்டில் இந்தியா என்று திறந்துவைத்தார்கள், வளைவுகளும் வண்ண விளக்குகளும் வந்தன. பழைய ஆட்கள் குறைபட்டுக்கொள்வார்கள். மாறாத சிலவும் உண்டு. பார்வையற்றோர் சங்கத்துக்குப் போகிறவர்கள் வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு நடைபாதையில் போவதை நாங்கள் கல்யாணமான புதிதில் பார்த்தோம், போன வாரமும் பார்த்தோம். தேநீர்க் கடைக்காரர் அவர்களுக்குச் சில்லறையைக் கையில் எண்ணி வைப்பார்.

அதே 2010இல் கமூட்டர் ரயிலில் பெண்களுக்கென்று இளஞ்சிவப்புப் பெட்டிகள் வந்தன. தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கு அது பெரிய உதவி. மகள் கல்லூரிக்குப் போன காலத்தில் அதில்தான் ஏற வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஆனால் காலையில் நானும் அவரும் சேர்ந்து போகும்போது பொதுப் பெட்டியில்தான் ஏறுவேன். நின்றுகொண்டு போக நேர்ந்தாலும் சரி. கிள்ளானிலிருந்து சென்ட்ரல் வரை ஏறத்தாழ ஒரு மணி நேரம். அவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் என் பையை வாங்கிக்கொள்வார். ஷா ஆலாம் தாண்டும்வரை பெரும்பாலும் பேச மாட்டார். சுபாங் ஜெயாவில் கூட்டம் ஏறியதும், இரவு சொல்லாமல் விட்டதை மெல்லத் தொடங்குவார். கட்டணத்துக்குள் அடங்கிய இந்த ஒரு மணி நேரத்துக்கு நோட்டில் தனி வரி இல்லை.

இதையெல்லாம் கேட்டால் நாங்கள் கைநிறையச் சம்பாதிப்பவர்கள் என்று தோன்றக்கூடும். இல்லை. இரண்டரை வெள்ளி மானிய எண்ணெய் பாக்கெட் கடைக்கு வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரம்மா சொன்னால் உடனே கிளம்புகிற வீடுதான் எங்களுடையது. 2023 நவம்பரில் கோழிக்கு இருந்த கட்டுப்பாட்டு விலையை எடுத்தபோது அந்த மாதத்துச் சமையலைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். தீபாவளிக்கு அங்பாவ் உறையில் எவ்வளவு வைப்பது என்று இருவரும் பேசித்தான் முடிவெடுப்போம்.

2020 மார்ச் 18ஆம் தேதி கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. ரயில் பயணம் இல்லை, பிரிக்பீல்ட்ஸ் இல்லை. அவருடைய அலுவலகத்தில் சம்பளத்தைக் குறைத்தார்கள். நோட்டை எடுத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கினோம். பிரிக்பீல்ட்ஸ் வரிக்கு வந்ததும் நான் பேனாவை எடுத்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “விடு, அது இருக்கட்டும்” என்றார். வெள்ளிக்கிழமை மாலை வாசலில் இரண்டு நாற்காலி போட்டோம். வடை நான் சுட்டேன், தேநீர் அவர் ஆற்றினார். தொட்டியில் பூத்த நாலு மல்லிகையைப் பறித்துக் கொடுத்தார். வங்கிகள் கடனுக்கு ஆறு மாத ஒத்திவைப்பு கொடுத்திருந்தன. வட்டி நிற்காது என்று அவர் சொன்னார். தவணையைக் கட்டிக்கொண்டே இருப்போம் என்று அங்கேதான் தீர்மானித்தோம். இபிஎஃப் சேமநிதிப் பணத்தை எடுக்க அடுத்தடுத்து அனுமதி வந்தபோதும் அதே நாற்காலிகள்தாம். நாடு முழுவதும் மக்கள் எடுத்த தொகை 14,500 கோடி வெள்ளி. எடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அடுப்பு எரிய வேண்டுமே. நாங்கள் ஒரு பகுதியை எடுத்து மகளின் படிப்புக் கட்டணத்தை அடைத்தோம். மிச்சத்தைத் தொடவில்லை. எண்பது வெள்ளியும் அந்த மாதங்களில் செலவாகவில்லை. மிஞ்சியதை லயத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த கிழவிக்கு மளிகையாக வாங்கி அனுப்பினோம். அம்மா இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பார்.

மகள் கல்யாணத்தைப் பதிவுசெய்து, கோயிலில் தாலியும் கட்டிக்கொண்டு, செத்தியா ஆலாமில் குடியிருக்கிறாள். வீட்டுக்கடன் முப்பத்தைந்து வருஷம். இருவர் சம்பளமும் ஒரே கணக்கில் விழுகிறது, கைப்பேசி அதை வட்டம் வட்டமாகப் பிரித்துக் காட்டுகிறது. போன மாதம் என்னிடம் காட்டினாள். அழகாகத்தான் இருந்தது. “நீங்க ரெண்டு பேரும் எங்கம்மா வெளிய போறீங்க?” என்று கேட்டேன். நேரமே இல்லை, மாப்பிள்ளைக்குச் சனிக்கிழமையும் வேலை என்றாள். காசு கொடுத்தாவது அந்த நேரத்தை ஒதுக்கு என்று சொன்னேன். தலையாட்டினாள். கேட்பாளா என்று பார்க்க வேண்டும். கல்யாணமான முதல் சில ஆண்டுகளில் வீட்டுக்கடனைவிட முக்கியமான தவணை இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த ஆண்டு அவருக்கு அறுபது, ஓய்வு. எனக்கு இன்னும் சில ஆண்டு வேலை இருக்கிறது. நோட்டில் பல வரிகளை மாற்றி எழுத வேண்டியிருக்கும். முதல் வேலையாக அவர் எடுத்துவைத்திருக்கும் கணக்கு இதுதான்: அறுபது ஆனவர்களுக்குக் கமூட்டரில் பாதிக் கட்டணம், ஆகவே வெள்ளிக்கிழமை மாலை எனக்காக மட்டும் கிள்ளானிலிருந்து வந்துபோனாலும் எண்பது வெள்ளிக்குள் அடங்கும். எழுதி, கூட்டி, என் முன்னால் வைத்தார். நான் சரிபார்த்தேன். புட்டுக்கு இடம் விடவில்லை என்று சொன்னேன். “அப்போ பூவைக் குறைச்சிக்கிறதா?” என்றார். வேண்டாம், செய்தித்தாளை நிறுத்திவிட்டுப் பக்கத்து வீட்டில் வாங்கிப் படிக்கலாம் என்றேன். அதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி பேசுவதாக இருக்கிறோம்.